காட்டுக் காளான் மருந்தாகுமா?

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு பிற்பகல். கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில், மாதர் சிறுசேமிப்புக் குழுவின் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், வயதில் மூத்த தாயொருவர் எம்மை லயத்தின் ஓரமாக அழைத்துச் சென்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். காய்ந்த மரக்கட்டையில் தட்டுத் தட்டாகப் பிடிக்கும் காளான் அது. செங்கல்லும் குங்குமமும் கலந்தாற்போன்ற நிறம்.

"காளான்ல மருந்து இருக்குன்னு கேம்பஸ்ல கண்டுபிடிச்சிருக்காங்களாம், மகன் சொன்னான் ஐயா. வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். கால்ல புண்ணு ரெண்டு மாசமா ஆறாம இருக்கு. இத அரைச்சுப் பத்து போட்டா ஆறுமாங்க?"

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டோம். ஆனால் ஏன் வேண்டாம் என்று விளக்க அப்போது எம்மால் முடியவில்லை. அவரது கேள்வி அறியாமையில் பிறந்த கேள்வியல்ல. காளானில் மருந்து இருக்கிறது என்பது உண்மை. அந்த உண்மைக்கும் அவருடைய கணவரின் காலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைத்தான் நாம் சொல்லத் தவறினோம். அன்று சொல்லாததை இக்கட்டுரையில் சொல்ல முயல்கின்றோம்.

செங்காளானின் கதை

அந்தத் தாய் காட்டியதைப் போன்ற செந்நிறத் தட்டுக் காளான்களில் வெப்பமண்டல நாடுகளெங்கும் பரவலாகக் காணப்படுவது பிக்னோபொரஸ் சங்குவினியஸ் என்னும் இனம். வெட்டிப்போட்ட மரத்திலும் பட்ட மரத்திலும் வெயில் படும் இடங்களில் இது முளைக்கும். 1946ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் சகாய் ராம் போஸ் என்னும் தாவரவியற் பேராசிரியர், இக்காளானில் நுண்ணுயிர்களை எதிர்க்கும் பொருள் உண்டென்று உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். பெனிசிலின் மருந்து உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. நம் பக்கத்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் அதையொத்த மருந்தை மரக்காளானில் தேடிக்கொண்டிருந்தார்.

பின்னர் பிரேசில் நாட்டில் நடந்த ஆய்வுகள், இதன் செந்நிறத்திற்குக் காரணமான சின்னபரின் என்னும் சேர்வையே பற்றீரியாக்களை எதிர்க்கின்றது என்று காட்டின. அவுஸ்திரேலியாவின் ஆதிவாசி மக்கள் இத்தகைய செங்காளானை வாய்ப்புண்ணுக்குப் பயன்படுத்தி வந்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே அந்தத் தாயின் கை தற்செயலாகவேனும் சரியான காளானைத்தான் தொட்டிருக்கிறது.

காளானுக்கு ஏன் மருந்து?

காளான் நமக்காக மருந்து செய்வதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே செய்கின்றது. காளான் என்று நாம் பறிப்பது பங்கசுவின் காய் போன்ற பகுதி மட்டுமே. அதன் உண்மையான உடல் மண்ணுக்குள்ளும் மரத்திற்குள்ளும் நூல்போலப் பரவிக் கிடக்கின்றது. அங்கே அதே உணவுக்காகக் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் வேறு பங்கசுக்களும் போட்டியிடுகின்றன. ஓடவோ ஒளியவோ முடியாத பங்கசு, இரசாயனச் சேர்வைகளைச் சுரந்து எதிரிகளைத் தடுக்கின்றது.

சிப்பிக் காளான் வளர்க்கும் நம் சகோதரிகள் இந்தப் போரைத் தினமும் பார்க்கிறார்கள். மரத்தூள் பொதி ஒன்றைச் சரியாக அவிக்காவிட்டால் வெள்ளை நூலுக்கு நடுவே பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். அது ட்ரைக்கோடேர்மா என்னும் வேறொரு பங்கசு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில வேளைகளில் கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை விழும். அந்த எல்லையில் நடப்பது இரசாயனப் போர்.

கறையான் புற்றில் இதைவிட வியப்பான காட்சி உண்டு. மழைக்குப் பின் புற்றிலிருந்து முளைக்கும் காளானை மலையகத்தார் விரும்பிச் சமைப்பார்கள். சிங்களச் சகோதரர்கள் இதனை 'இந்தலொலு' என்பார்கள். புற்றினுள்ளே கறையான்கள் மென்ற இலைதழைகளைக் கொண்டு தேன்கூடு போன்ற பாத்தி கட்டி, அதில் இந்த ஒரே பங்கசுவை வளர்த்து உண்கின்றன. ஈரமும் வெப்பமும் நிறைந்த அந்த அறையில் வேறு பூஞ்சணம் தலைதூக்குவதில்லை. கறையான்களை அகற்றிவிட்டாலோ சில நாட்களுக்குள் வேறு பங்கசுக்கள் பாத்தியை மூடிவிடும். கறையான்களும் அவற்றோடு வாழும் பற்றீரியாக்களும் தோட்டத்தை எவ்வாறு துப்புரவாக வைத்திருக்கின்றன என்பதை இன்றும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றார்கள். புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளை அங்கே தேடலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

பேராதனையின் பங்கு

இந்தப் புற்றுக் காளானைப் பற்றி எழுதியவர்களில் மிக முந்திய ஒருவர் மிஷன் வைத்தியர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர், தஞ்சாவூர்ப் பகுதியில் கறையான் புற்றுக்குள் காளான் விளைவதைக் கண்டு 1779ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

அதன்பின் இந்த ஆராய்ச்சி கண்டிக்கு அருகே தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெய்ட்ஸ், இலங்கையின் பங்கசுக்களைச் சேகரித்து இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் யோசப் பேர்க்லி என்பவருக்கு அனுப்பிவந்தார். பேர்க்லி ஓர் அங்கிலிக்கன் குருவானவர். பங்கசு ஆராய்ச்சியிலும் மேதை. கோப்பி இலையில் மஞ்சள் துரு பிடிக்கச் செய்த பங்கசுவுக்கு 1869இல் பெயர் சூட்டியவரும் அவரே. அந்தத் துருநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் வருவதும் போவதுமாயிருந்த எம் முன்னோர், தேயிலை வந்தபின் லயன்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு நம் மக்களின் வரலாற்றையே திருப்பியது.

1905இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெட்ச் என்னும் பங்கசு ஆய்வாளர், அடுத்த ஆண்டே கறையான் புற்றுப் பங்கசுக்களைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதற் பணிப்பாளரானவரும் அவரே. அவர் காலமான பின் 1950இல் அவரும் பிஸ்பி என்பவரும் சேர்ந்து தயாரித்த இலங்கைப் பங்கசுக்களின் பட்டியல் நூலாக வெளிவந்தது. 1986இல் பெக்ளர் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இலங்கையின் குடைக் காளான்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். பெயரிடும் வேலை நடக்காவிட்டால் மருந்து தேடும் வேலை தொடங்கவே முடியாது. எந்தக் காளான் என்று தெரியாமல் அதில் என்ன மருந்து என்று கேட்க இயலாதல்லவா?

இன்று பேராதனைப் பல்கலைக்கழகமும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து இப்போது ஹந்தானை வீதியில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும், நம் காடுகளிலுள்ள தாவரங்களிலும் பங்கசுக்களிலும் அடங்கியுள்ள இரசாயனச் சேர்வைகளை ஆராய்கின்றன. அந்தத் தாயின் மகன் கேள்விப்பட்ட செய்திக்கு அடிப்படை இதுவே.

ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன?

காட்டிலிருந்து கொண்டுவரும் காளானை முதலில் இனம் கண்டு, உலர்த்தித் தூளாக்குகின்றார்கள். தூளை மெதனோல், எதைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்களில் ஊறவைத்துச் சாறு எடுக்கின்றார்கள். தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஏகார் என்னும் பாசிக்கூழ் ஊற்றி, அதன்மேல் நோய்தரும் பற்றீரியாவைப் பரப்புகின்றார்கள். சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வட்டம் ஒன்றை நடுவில் வைத்து, ஓர் இரவு இளஞ்சூட்டில் விடுகின்றார்கள். காலையில் பார்த்தால் கிண்ணம் முழுவதும் பற்றீரியா மங்கலாகப் படர்ந்திருக்கும். கடதாசியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் ஒன்று தெரிந்தால், அங்கே பற்றீரியா வளரவில்லை என்று பொருள்.

பத்திரிகைகளில் 'காளானில் புதிய மருந்து' என்று வரும் செய்திகள் பலவும் இந்த வளையத்தைப் பற்றியவையே. வளையம் ஒரு நல்ல செய்திதான். ஆனால் அது பயணத்தின் முதற்படி. சாற்றிலுள்ள நூற்றுக்கணக்கான சேர்வைகளில் எது வேலை செய்தது என்று பிரித்தறிய வேண்டும். அதன் மூலக்கூற்று அமைப்பைக் காண வேண்டும். எவ்வளவு குறைந்த அளவில் அது பற்றீரியாவைத் தடுக்கின்றது என்று அளக்க வேண்டும். மனிதக் கலங்களை அது கெடுக்காதா என்று பார்க்க வேண்டும். விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் பரிசோதிக்க வேண்டும். இப்படிகளில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலான சேர்வைகள் தோற்றுவிடுகின்றன. கிருமியைக் கொல்வது எளிது, மனிதனைக் கொல்லாமல் கிருமியைக் கொல்வதுதான் கடினம்.

வென்ற இரண்டு காளான்கள்

எல்லாப் படிகளையும் தாண்டிய காளான் சேர்வைகளும் உண்டு. 1951இல் நியூயோர்க் தாவரவியற் பூங்காவின் ஆய்வாளர்கள் ஒரு சிறு வெள்ளைக் காளானிலிருந்து புளூரோமியூட்டிலின் என்னும் சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். பற்றீரியாக்கள் புரதம் செய்யும் இடத்தைப் பற்றிக்கொண்டு, அந்த வேலையை இது நிறுத்திவிடுகின்றது. இதனைத் திருத்தி அமைத்த மருந்து 1970களின் இறுதியில் பன்றி, கோழி போன்ற வளர்ப்பு விலங்குகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதரின் தோற்புண்ணுக்கான ரெட்டபமுலின் களிம்பு 2007இல் அனுமதி பெற்றது. நியூமோனியா காய்ச்சலுக்கான லெஃபமுலின் 2019இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. காளானில் கண்ட நாளிலிருந்து மனிதரின் புண்ணுக்கு வந்து சேர 56 ஆண்டுகள். நுரையீரலுக்கு வந்து சேர 68 ஆண்டுகள்.

இரண்டாவது கதை விவசாயிகளுக்குரியது. 1977இல் ஜேர்மனியில் டிம் அன்கே, வொல்ஃப்காங் ஷ்டெக்லிஹ் என்பவர்களின் குழு, பைன் மரக் காய்களில் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து ஸ்ட்ரோபிலுரின் என்னும் சேர்வையைக் கண்டது. அது வேறு பங்கசுக்களின் சுவாசத்தைத் தடுத்து அவற்றைக் கொல்லும். வெப்பமண்டலக் காடுகளில் பட்ட மரங்களில் முளைக்கும் ஊடெமன்சியெல்லா என்னும் வழுவழுப்பான வெண்காளானின் இனத்திலும் இதையொத்த சேர்வைகள் உண்டு. இயற்கைச் சேர்வை வெயிலில் சிதைந்துவிடுவதால், இரசாயனவியலாளர் அதனைத் திருத்தினார்கள். 1996 முதல் அது பயிர்நோய் மருந்தாக உலகச் சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1998இல், ஜேர்மனியின் கோதுமை வயல்களில் அம்மருந்துக்கு அடங்காத பூஞ்சணம் தோன்றிவிட்டது. மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு எடுக்கும் காலம் நீண்டது. கண்டபடி பயன்படுத்தி அதனைக் கெடுக்கும் காலம் மிகக் குறுகியது.

மனித மருந்துகளுக்கும் இதே கதிதான். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக 2019இல் மட்டும் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. புதிய சேர்வைகளைக் காட்டில் தேடுவதற்கு இதுவே காரணம். வைத்தியர் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம். 6 மாதம் எடுக்க வேண்டிய காசநோய் மருந்தை, இருமல் நின்றுவிட்டதென்று 2 மாதத்தில் விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு.

'சர்வரோக நிவாரணி' வியாபாரம்

மரங்களின் அடியில் வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் கனோடேர்மா என்னும் காளானை எம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். தென்னையின் அடித்தண்டை அழுகச்செய்யும் 'தஞ்சாவூர் வாடல் நோய்' இதன் ஓர் இனத்தால் வருவது. இதன் இன்னோர் இனம் சீனாவில் நெடுங்கால மருந்து. கசப்பான ட்ரைடேர்பீன் சேர்வைகளும் பீட்டா குளுக்கன் என்னும் மாச்சத்து வகைகளும் இதில் உண்டு. இவற்றின்மேல் மதிப்புள்ள ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் இதன் பெயரில் விற்கப்படும் கோப்பியும் மாத்திரையும் சீனி வருத்தம் முதல் புற்றுநோய் வரை யாவற்றையும் தீர்க்கும் என்று வீடு வீடாகச் சொல்லப்படுவதை நாம் ஏற்க முடியாது.

ஜப்பானில் காளான் பீட்டா குளுக்கன் சேர்வைகள் 1980களில் புற்றுநோயாளருக்கு அனுமதிக்கப்பட்டது உண்மை. நம் விறகுக் கட்டைகளில் சிறு விசிறிபோல் முளைக்கும் ஷிசோபிலம் என்னும் காளானின் சேர்வையும் அவற்றில் ஒன்று. ஆனால் அவை தூய்மையாக்கப்பட்டு, ஊசி மூலம், மற்றைய சிகிச்சையோடு துணையாகவே கொடுக்கப்பட்டன. சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுக்கப்படவில்லை. கூலிப்பணத்தில் வாங்கும் ஒரு போத்தல் மாத்திரை, வைத்தியசாலை மருந்தை நிறுத்தச் செய்யுமானால், அது பணத்தோடு உயிரையும் எடுக்கும்.

மீண்டும் அந்தப் புண்

இப்போது அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்தது மெதனோலில் இறங்கிய சாறு. அம்மியில் நீர் விட்டு அரைக்கும் பத்தில் அதே சேர்வை அதே அளவில் இறங்கும் என்று சொல்ல முடியாது. சின்னபரின் சிலவகைப் பற்றீரியாக்களையே நன்றாகத் தடுக்கின்றது. சீனி வருத்தக்காரரின் காற்புண்ணிலோ பலவகைப் பற்றீரியாக்கள் சேர்ந்திருக்கும். மேலும் அந்தப் புண் ஆறாததற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. இரத்தத்தில் சீனி கூடியிருக்கின்றது. காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கின்றது. நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரிவதில்லை. காட்டுக் கட்டையிலிருந்து எடுத்த காளானோடு மண்ணும் வேறு கிருமிகளும் வித்திகளும் புண்ணுக்குள் போகும். இடையில் கழியும் ஒவ்வொரு வாரமும் விரலையோ காலையோ இழக்கும் ஆபத்தைக் கூட்டும்.

உண்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிலவகைக் காளான்களிலுள்ள அமனிட்டின் என்னும் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலம் வரை எதுவும் தெரியாது. பின்னர் வாந்தியும் பேதியும் வரும். இடையில் சுகமானதுபோல் தோன்றி, அதன்பின் ஈரல் கெடும். பூச்சி தின்றிருந்தால் நல்ல காளான், வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்னும் சோதனைகளை நம்பி உயிரிழந்தோர் உலகெங்கும் உள்ளனர்.

நாம் செய்யக்கூடியவை

1. தலைமுறையாக அறிந்த காளானைத் தவிர வேறெதையும் சமைக்காதிருப்போம். காளான் உண்டபின் வாந்தியோ பேதியோ வந்தால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்வோம். சுகமாகிவிட்டதென்று இடையில் திரும்பாதிருப்போம்.

2. எம் மூத்தோருக்குத் தெரிந்த காளான்களின் பெயர், முளைக்கும் காலம், இடம், பயன் ஆகியவற்றைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிவைக்கட்டும். தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர்கள் இதனை ஒரு செயற்றிட்டமாக எடுக்கலாம். ஆய்வாளரின் முதற்படியான இனங்காணலுக்கு இது உதவும்.

3. உடவத்தகெலே சரணாலயத்திலும் ஏனைய பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் எதையும் பறிக்காதிருப்போம். ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பட்ட மரத்தையும் புற்றையும் துப்புரவு என்ற பெயரில் அழித்தால், இன்னும் பெயரிடப்படாத காளான்களும் அவற்றோடு அழியும்.

4. காளான் மாதிரிகளைக் காசுக்கு வாங்க வருவோரிடம் அனுமதிப் பத்திரத்தைக் கேட்போம். உயிரினங்களின் மீது அவை வாழும் நாட்டுக்கே உரிமை என்றும், பயனில் பங்கு உண்டு என்றும் கூறும் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையை இலங்கை 1994இல் உறுதிப்படுத்தியது. அந்தப் பங்கு காட்டோரத்தில் வாழ்வோரின் கைக்கு வந்து சேரவேண்டும் என்று கேட்பது நமது கடமை.

நிறைவாக

இவ்வளவையும் அறிந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அப்படியிருக்க, அந்தத் தாய் ஏன் இரண்டு மாதம் காத்திருந்து காளானைத் தேடினார்? அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டோம். "கிளினிக்குக்கு ஒரு நாள் போனா ரெண்டு பேருக்கும் பேரு விழாதுங்க. பஸ்சுக்கும் காசு வேணும்" என்றார். கூட்டத்திலிருந்த எவருக்கும் அது புதிய செய்தியாக இருக்கவில்லை. எமக்கு மட்டுமே புதிதாக இருந்தது.

அன்று அந்த மாதர் குழு ஒரு முடிவெடுத்தது. மாதச் சேமிப்பிலிருந்து ஒரு சிறு தொகையை வைத்தியசாலைப் பயணத்திற்கென்று தனியே ஒதுக்குவது. துணைக்கு ஆளில்லாத நோயாளியுடன் முறைவைத்து ஒருவர் போய்வருவது. முதலில் கண்டி வைத்தியசாலைக்குப் போனவர் அந்தத் தாயின் கணவரே. புண் முற்றாக ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான். இன்னும் ஆறவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

அண்மையில் அவரைக் கண்டபோது, அந்தத் தாய் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்தச் செங்காளான் சும்மாவா ஐயா?"

"சும்மா இல்லையம்மா. அது இன்னும் படிச்சு முடியல்ல. உங்க பேரப்பிள்ளை படிச்சு அதில மருந்து எடுக்கட்டும். அதுவரைக்கும் அது மரத்திலேயே இருக்கட்டும்" என்றோம்.